படிக்க முடியாத பக்கம்

கடவுச்சீட்டுப் படத்தில் காது தெரிய வேண்டும் என்பது யாருக்கும் நினைவிருப்பதில்லை. தலைத்துணியைச் சற்றுத் தள்ளிக் கட்டச் சொன்னால் பெண்கள் சிரிப்பார்கள். பூங்கோமா பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் என் சைபர் கடையில் பாதி வேலை இதுதான். மீதி, சான்றிதழ்களை ஸ்கேன் செய்து, அரசாங்கத் தளம் ஏற்கும் அளவுக்குச் சுருக்கி, ஏற்றிவிடுவது.

வேதியியல் படித்துவிட்டு இதற்கு வந்தேனே என்ற வருத்தம் இல்லை. எவ்வளவு சுருக்கினால் எழுத்து நிற்கும், எப்போது கரையும் என்று எனக்குத் தெரியும். நீங்கள் விசாரிக்க வந்திருப்பதும் அதைத்தான்.

கிசாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. அவன் தம்பி மகோகா தன்னுடையதில் ஒன்றைத் தர இருந்தான். மகோகாவுக்கும் எனக்கும் டிசம்பரில் திருமணம். அறுவைச் சிகிச்சைக்கு அரசுக் காப்பீட்டின் ஒப்புதல் வேண்டும். அதற்கான தாள்கள் இணையத்தில்தான் போக வேண்டும். கிசாவின் மனைவி நஃபூனா அவற்றைக் கொண்டுவந்தாள். மகோகாவும் கூட வந்தான்.

"நல்லா யோசிச்சுக்க நெலிமா. உனக்கு முக்கா மாப்பிள்ளைதான் கிடைப்பான்," என்றாள் நஃபூனா.

"எடை குறைஞ்சா பொண்ணுக்குப் பரிசமா நாம குடுக்குற மாடும் குறையுமில்ல அண்ணி? இவ அப்பாகிட்ட பேசிப் பாருங்க," என்றான் மகோகா.

"எங்கப்பா ஒரு கன்னுக்குட்டிகூட விட மாட்டாரு," என்றேன்.

மூவரும் சிரித்தோம். இதற்கு முன்பே மகோகாவிடம் தனியாகச் சொல்லிப் பார்த்திருந்தேன், வேண்டாம் என்று. "அவன் என் அண்ணன்டி," என்றான். நோயுற்ற ஒருவனுக்காக நலமாக இருப்பவனை அறுப்பது சரியான கணக்கு அல்ல. நிதானமாக யோசிக்கும் எவருக்கும் இது புரியும்.

இரத்தப் பொருத்த அறிக்கையை மட்டும் தேவைக்கு மேல் சுருக்கினேன். திரையில் சிறிதாகப் பார்த்தால் ஒழுங்காக இருக்கும். பெரிதாக்கினால் எண்கள் புகையாகிவிடும். ஏற்றியதும் பச்சை அடையாளம் வந்தது. எங்கள் ஊரில் பச்சை வந்தால் வேலை முடிந்தது என்று அர்த்தம். நஃபூனா கைதட்டினாள். எனக்குத் தேநீரும் எண்ணெயில் பொரித்த மண்டாசியும் வாங்கி வந்தாள்.

இங்கே பலருக்கு மின்னஞ்சல் கிடையாது. நாங்களே ஒன்றை உருவாக்கி, கடவுச்சொல்லையும் நாங்களே வைத்திருப்போம். அதனால் அறிக்கையைப் படிக்க முடியவில்லை, மீண்டும் அனுப்பவும் என்ற பதில் என்னிடம்தான் வந்தது. அன்றே அனுப்பினேன், அதே பக்கத்தை. மறுபடியும் பதில் வந்தது. மறுபடியும் அனுப்பினேன். நான் எதையும் தாமதப்படுத்தவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

டயாலிசிஸ் முடித்துத் திரும்பும்போது, ஓட்டுபவனுக்கும் தனக்கும் நடுவில் கிசாவை வாடகை மோட்டார்சைக்கிளில் உட்காரவைத்து நஃபூனா கடைக்கு வருவாள்.

"என்னாச்சு தங்கச்சி?"

"பரிசீலனையில இருக்குக்கா."

"ஆபீஸ்ல எல்லாரும் தூங்குறாங்களா? எழுப்பி விடு நெலிமா," என்றான் கிசா. குரல் மெலிந்திருந்தது. "உன் கல்யாணத்துல நான் ஆடணும்."

"எழுப்புறேண்ணா."

அவன் கை நடுங்கியதால் தேநீர்க் கோப்பையை நான்தான் பிடித்துக்கொண்டேன். பாதம் வீங்கி, மகோகாவின் செருப்பைப் போட்டிருந்தான். அவன்மேல் எனக்கு எந்தக் கோபமும் இருந்ததில்லை.

டிசம்பருக்கு முன்பே, குறுமழைக் காலம் தொடங்கிய வாரம் கிசா இறந்தான். தெளிவான ஸ்கேன் என் கணினியில் அப்படியே இருக்கிறது; நான் அழிக்கவில்லை. மங்கலாக்கியது நான்தான். தெரிந்தேதான் செய்தேன். அதனால் அவன் இறப்பான் என்பதும் தெரியும்.

அடக்கத்தன்று எல்லோர் முன்னாலும் மகோகா என்னைக் கட்டிக்கொண்டான். "உன்னால முடிஞ்ச எல்லாத்தையும் நீ செஞ்ச. நான்தான் பாவி, ரெண்டையும் வச்சுக்கிட்டு நிக்குறேன்," என்று தன் விலாவில் ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டான்.

நான் அவன் கையைப் பிடித்துத் தடுத்தேன். அந்த இடத்தில் அடிபடக் கூடாது.