பச்சை ஒயர்

தொட்டியம் பக்கத்துப் பழைய வீடுகளில் மூன்று முள் பிளக் நுழைகிற பாயிண்ட் அதிகம் கிடையாது, இன்ஸ்பெக்டர் சார். கம்ப்யூட்டர் விற்கிறவனுக்கு அது பெரிய தலைவலி.

அரியமங்கலத்தில் ஒரு ஷெட்டில்தான் எங்கள் ‘தோழன்’ கம்ப்யூட்டர் பிறந்தது. மற்ற கம்பெனிகளின் விலையில் பாதி. கொரோனா வந்து வகுப்பெல்லாம் ஆன்லைனுக்குப் போனபோது, ஸ்ரீரங்கத்திலிருந்து தொட்டியம் வரை வீட்டுக்கு வீடு தோழன்தான். மன்னார்புரத்தில் ஷோரூம் திறந்தேன். பாதிரியார் வந்து ஜெபம் செய்து மந்திரித்தார்.

“மார்ட்டின், ஏழைப் பிள்ளைங்களுக்குப் படிப்பு குடுக்குறீங்க” என்றார்.

அதை நம்பினேன். இன்றும் நம்புகிறேன்.

பிளக் நுழையவில்லை என்று தினமும் புகார். அதனால் எல்லாப் பெட்டிக்கும் எர்த் இல்லாத இரண்டு முள் ஒயரையே கொடுக்கச் சொன்னேன். மெக்கானிக் ஆசீர் தயங்கினான்.

“சார், இந்த மலிவு பவர் சப்ளைல கரண்ட் லீக் ஆகுது. எர்த்தும் இல்லன்னா, பெட்டியத் தொட்டா ஆளையே தூக்கிடும்.”

“இதுவரைக்கும் யாரையாவது தூக்கியிருக்கா?” என்றேன். நியாயமான கேள்விதான்.

இரண்டு மாதம் கழித்து, தொட்டியத்தில் வாழை விவசாயி பிச்சைமுத்துவின் மகள் சுபலட்சுமி, தலைக்குக் குளித்த ஈரத்தோடு வகுப்புக்கு உட்கார்ந்தாள். பெட்டியைத் தொட்டவள் எழுந்திருக்கவில்லை.

ஆசீரோடு துக்கத்துக்குப் போனேன். ஆண்கள் சுடுகாட்டுக்குப் போயிருந்தார்கள். அந்த வீட்டு வயரிங் பிச்சைமுத்துவே செய்தது. பிளக் பாயிண்டைக் கழற்றிப் பார்த்தேன். பச்சை ஒயர், அதுதான் எர்த், ஒழுங்காக முறுக்கப்பட்டிருந்தது. கெட்டிக்கார மனுஷன். எங்கள் ஒயரை உருவிவிட்டு மூன்று முள் ஒயரை மாட்டினேன். பிறகு பச்சை ஒயரைத் திருகாணியிலிருந்து இழுத்துவிட்டேன். ஐந்து நிமிஷ வேலை. ஆசீர் பார்த்துக்கொண்டே நின்றான்.

சோதிக்க வந்த அதிகாரி, வீட்டில் எர்த் இணைக்கப்படவில்லை என்று எழுதினார்.

“மாட்டினேனே சார்” என்றார் பிச்சைமுத்து. பிறகு என்னைப் பார்த்து, “மாட்டலியோ?” என்றார்.

அவர் தோளில் கை வைத்தேன். “விடுங்கண்ணே. வேணும்னேவா செஞ்சீங்க?”

விற்ற பெட்டிகளைத் திரும்ப வாங்கியிருக்கலாம். தோழன் பெயர் கெட்டுப்போயிருக்கும். தொடர்ந்து விற்றேன். அடுத்த மழையில் லால்குடியில் ஒருவர் இதேபோல் பெட்டியைத் தொட்டுப் போனார். அங்கே வீட்டு எர்த் முன்பே சரியில்லை. எனக்கு வேலை வைக்கவில்லை.

தோழனைச் சாய்த்தது இதெல்லாம் இல்லை. பள்ளிக்கூடம் திறந்தது, பிள்ளைகள் கையில் செல்போன் வந்தது, பெட்டியை யாரும் சீண்டவில்லை. ஷோரூமை மூடினேன். வேலை போன ஆசீர் உங்களிடம் வந்துவிட்டான். அவன் சொன்னது அத்தனையும் உண்மை. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். பிச்சைமுத்துவிடம் இதைச் சொல்ல வேண்டாம். மகளைக் கொன்றது தன் கைதான் என்று இத்தனை வருஷமாக நம்பி, வீட்டுக்குக் கரண்டே வேண்டாமென்று வெட்டிவிட்டு, மனுஷன் ஒருவழியாகப் பழகிவிட்டார். இப்போது போய் அவர் நிம்மதியைக் கெடுப்பது பாவம், சார்.