பார்வையற்றோர் அணியில் ஒரு பிளம்பர்

கேப்டன்: ஐஸ் பையைப் பிடி. முழங்கால்ல வெச்சுக்கோ. எனக்குக் கண்ணுதான் தெரியாது, வீக்கம் கைக்குத் தெரியுதே.

பிளம்பர்: மூணு பேர் சேர்ந்து மோதினா வீங்காம என்ன செய்யும், கேப்டன்?

கேப்டன்: பந்துக்குள்ள மணி இருக்கு, உனக்குள்ள இல்ல. பந்தை எடுக்கப் போகும்போது ‘வர்றேன்’னு குரல் குடுக்கணும். எட்டு மாசமா சொல்றேன்.

பிளம்பர்: கண்ணைக் கட்டிக்கிட்டு ஓடுறப்ப மறந்துடுது...

கேப்டன்: குழாயும் மறந்துடுச்சா? நீ சரி பண்ணினது இன்னும் சொட்டுது. கேக்குதா?

பிளம்பர்: வாஷர் மாத்தணும்.

கேப்டன்: இதோட மூணாவது வாஷர்.

பிளம்பர்: கேப்டன், ஒண்ணு சொல்லணும். நாளைக்கு...

கேப்டன்: நாளைக்குத் திறப்பு விழா! என் வீட்டுக்காரி சட்டையை இப்பவே இஸ்திரி போட்டு வெச்சுட்டா. சுண்டெலியே நேர்ல வர்றாருன்னா சும்மாவா? புது மைதானம், பந்து வெளிய ஓடாம சுத்தியும் பலகை... எல்லாம் அவர் கட்டிக் குடுத்தது.

பிளம்பர்: அவரைப் பத்தித்தான்...

கேப்டன்: நாட்டுக்காக அறுபத்திரண்டு கோல். அம்மா பஸ் டிப்போவுல பெருக்கிட்டு இருந்தாங்க. நிக்கிற பஸ்ஸுங்க நடுவுல பந்தோட புகுந்து புகுந்து ஓடி வாங்கின பேருதான் சுண்டெலி. முதல் கோப்பை ஜெயிச்சதும் என்ன செஞ்சாரு தெரியுமா? அந்த டிப்போ பொம்பளைங்களுக்குக் குளியலறை கட்டினாரு. அப்புறம் ஆஸ்பத்திரிக்கு ரெண்டு ஆம்புலன்ஸ்...

பிளம்பர்: மூணு.

கேப்டன்: அட! ஃபுட்பால் பக்கமே போனதில்லன்னு சொன்ன?

பிளம்பர்: யாரோ சொன்னாங்க... எல்லாம் பேருக்காகச் செஞ்சிருப்பான்.

கேப்டன்: வாயைக் கழுவு. இன்னொரு தடவை சொன்னா அடுத்த முழங்காலும் வீங்கும்.

பிளம்பர்: சரி, சரி... நாளைக்கு நான் உங்களோட வரிசையில நிக்க முடியாது, கேப்டன்.

கேப்டன்: ஏன், எங்கயாச்சும் குழாய் உடைஞ்சிருக்கா?

பிளம்பர்: மேடையில நிக்கணும். நான் பிளம்பர் இல்ல.

கேப்டன்: அது குழாய்க்கே தெரியும்.

பிளம்பர்: விளையாடாதீங்க. நான்தான்... அந்தச் சுண்டெலி. கோல்கீப்பருக்குக் கண்ணு தெரியும், அதனால அவர்கிட்ட மட்டும் சத்தியம் வாங்கியிருந்தேன்.

கேப்டன்: ஐஸ் பையை எடுத்துடாத.

பிளம்பர்: போற இடமெல்லாம் எனக்கு வழி விட்டுடுறாங்க, கேப்டன். பசங்களோட ஆடினாக்கூட, ‘நீங்க அடிங்கண்ணா’ன்னு ஒதுங்கிடுறாங்க. இங்கதான் எட்டு மாசமா ஒரு கோல் போட விடல. திங்கக்கிழமை எப்ப வரும்னு இருக்கும் எனக்கு. நாளையிலிருந்து நீங்களும் ஒதுங்கிட்டா... நான் வேற எங்க போவேன்? கோபமா?

கேப்டன்: கோல்கீப்பர் பாவம், சத்தியத்தைக் காப்பாத்திட்டான். மேட்ச் முடிஞ்சு ரேடியோவுல நீ பேசுறதைப் பதினாலு வருஷமா கேட்டுட்டு இருக்கோம்பா. முதல் நாள் நீ ‘வணக்கம்’னு சொன்னதுமே எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. சுண்டெலிகிட்டயிருந்து பந்தைப் பறிச்சேன்னு வீட்டுல போய்ச் சொல்ல வேணாமா? வாரா வாரம் சீட்டுக் குலுக்கிப் போட்டுத்தான் உன்னை மறிக்க ஆள் எடுக்கிறோம். அடுத்த திங்கள் என் பேரு வந்திருக்கு... முழங்கால் வலின்னு சொல்லி வராம இருந்துடாத.