ரெண்டும் ஒரே கம்ப்யூட்டர்ல

சிரிப்பு வந்தா சிரிச்சுடுங்க மேடம், அடக்கிக்காதீங்க. வெளியில பெஞ்சுல உங்க கவுன்சிலிங்குக்காக உக்காந்திருக்கறவங்க எல்லாம் குடி, அடி, இன்னொருத்தின்னு வந்திருக்காங்க. நாங்க மட்டும்தான் சாஃப்ட்வேர் சண்டைன்னு வந்திருக்கோம். எங்க வீட்டுக்காரரு அப்படித்தானே சொல்லியிருக்காரு உங்ககிட்ட? பழைய வெர்ஷனைக் கட்டிக்கிட்டு அழறா, அதுக்காக அக்கா வீட்டுக்குப் போயிட்டா, தனியா ஒரு கம்ப்யூட்டர் வாங்கித் தர்றேன், வரச் சொல்லுங்கன்னு. தெரியும். எங்க அக்காகிட்டயும் அதையேதான் சொன்னாரு. கம்ப்யூட்டரே வாங்கித் தர்றேங்கறாரு மனுஷன், இன்னும் என்னடி வேணும் உனக்குன்னு அக்கா என்னைக் கேக்கறா.

உங்களுக்கும் அப்படித்தான் தோணுதா? தோணட்டும், தப்பில்ல.

எங்க தொழில் தெரியுமில்ல? வீட்டுக்குள்ள அலமாரி, கட்டில், சமையல் மேடைன்னு எல்லாம் வரைஞ்சு, ஆள் வெச்சு செஞ்சு குடுக்கறது. அவரு போயி பேசி, அளவெடுத்துட்டு வருவாரு. நான் கம்ப்யூட்டர்ல வரைவேன். வரைஞ்சது தச்சர்கிட்ட போகும். ஹால்ல ஒரு மூலையில ஒரே கம்ப்யூட்டர், ரெண்டு நாற்காலி. ஆரம்பத்துல அதுவே பெரிய சந்தோஷமா இருந்துச்சு, அதையும் சொல்லணும்ல.

அப்புறம் அந்த வரையற சாஃப்ட்வேருக்குப் புது வெர்ஷன் வந்துச்சு. அவருக்குப் புதுசுன்னு ஒண்ணு காதுல விழுந்தா போதும், கால்ல வெந்நீரைக் கொட்டிக்கிட்ட மாதிரி நிப்பாரு. வந்த மறுவாரமே ஆளைக் கூட்டிட்டு வந்து ஏத்திட்டாரு. நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன், பழசை எடுக்காதீங்க, அது பாட்டுக்கு ஒரு ஓரமா இருக்கட்டும்னு. ஏத்த வந்த தம்பி நல்ல பையன். ரெண்டும் இருக்கலாம்க்கா, ஒண்ணுக்கு ஒண்ணு சண்டை போடாதுன்னான். ஒண்ணே ஒண்ணுல மட்டும் ஜாக்கிரதையா இருங்கன்னான். பழசுல வரைஞ்சதைப் புதுசு திறக்கும். ஆனா புதுசுல திறந்து சேவ் பண்ணிட்டா, அப்புறம் தலைகீழா நின்னாலும் பழசு அதைத் திறக்காது. ஃபைலை டபுள் கிளிக் பண்ணினா நேரா புதுசுக்குத்தான் போகும். அதனால பழைய ட்ராயிங் வேணும்னா, முதல்ல பழைய சாஃப்ட்வேரைத் திறக்கணும், அதுக்குள்ள போயி ஃபைலை எடுக்கணும். அவ்வளவுதான். பச்சைக்குழந்தைக்குக்கூடப் புரியும்.

சொன்னேன். எத்தனையோ தடவை சொன்னேன். கம்ப்யூட்டர் மேல சீட்டு எழுதி ஒட்டினேன், டபுள் கிளிக் பண்ணாதீங்கன்னு. வீட்டுக்கு வர்றவங்ககிட்ட எல்லாம் அந்தச் சீட்டைக் காட்டி, பாத்தீங்களா, எங்க வீட்டுல ட்ராஃபிக் போலீஸ் இருக்குன்னு சிரிப்பாரு. மாமியாரும் சிரிப்பாங்க. நானும் சேந்து சிரிச்சேன் மேடம், வேற என்ன பண்றது.

இல்ல, கஸ்டமர் வேலைக்குப் பழசு வேண்டியதில்ல, அது எல்லாத்தையும் நானே புதுசுக்கு மாத்திட்டேன். இவரு அவசரத்துல ஒரு சமையலறையை டபுள் கிளிக் பண்ணி சேவ் பண்ணிட்டாரு, அளவெல்லாம் இடம் மாறிப்போச்சு, ஞாயித்துக்கிழமை பூரா உக்காந்து சரி பண்ணினேன். அதோட போதும்டா சாமின்னு ஒவ்வொண்ணா மாத்திட்டேன். எனக்குப் புதுசு தெரியாதுன்னு அவரு சொல்லியிருந்தா அது பொய். அவரைவிட எனக்கு நல்லா வரும்.

அப்ப பழசு எதுக்குன்னு கேக்கறீங்க. பாருங்க, வந்து இவ்வளவு நேரத்துல நீங்க கேட்டுட்டீங்க. அவரு ஒரு நாள்கூட கேக்கல. இடத்தை அடைக்குது, கம்ப்யூட்டர் மெதுவாகுது, அழிச்சுடறேன்னுதான் சொன்னாரு. எதுக்கு வெச்சிருக்கேன்னு கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேனோ என்னவோ.

இல்ல மேடம், கை நீட்டினதே இல்ல. குடி கிடையாது. நல்லவருதான், யாரு இல்லேன்னா? அதான் மேடம் கஷ்டம். கெட்டவனா இருந்தா எங்க அக்காவாவது என் பக்கம் பேசுவா.

என்னாச்சுன்னா, போன மாசம் தச்சரு போன் பண்ணினாரு. ஒரு வீட்டுல வேலை முடியப்போகுது, ஒரு அலமாரிக் கதவு சரியா மூடல, நீங்க வந்து ட்ராயிங்கோட வெச்சுப் பாருங்கன்னு. இவரு வெளியில இருந்தாரு. சரின்னு நான் போனேன். அந்த வேலை நான் வரைஞ்சதில்ல, இவரே முடிச்சுக் குடுத்துட்டேன்னாரு. எனக்கே ஆச்சரியம், இவருக்கு எப்ப வரையறதுக்குப் பொறுமை வந்துச்சுன்னு.

உள்ள போனா ஒரு சின்ன ரூம். ஜன்னலுக்குக் கீழ உக்கார்ற பலகை, அதுக்கடியில புத்தகம் வெக்க இடம். அலமாரி முனையெல்லாம் இடிச்சுக்காம இருக்க உருட்டி விட்டிருக்கு. கதவுக்குப் பின்னால பை மாட்டறதுக்குக் கொக்கி. நான் வாசல்லயே நின்னுட்டேன். கோடு கோடா எனக்குத் தெரியும் அந்த ரூம். அந்த வீட்டுப் பொண்ணு ஸ்கூல்ல இருந்து வந்தா. எம்பல, குனியல, பையைக் கழட்டி அந்தக் கொக்கியில மாட்டிட்டுப் போனா. அளவு அவ்வளவு சரியா இருந்துச்சு. தச்சரு என்கிட்ட கதவைப் பத்தி என்னென்னவோ சொல்லிக்கிட்டே இருந்தாரு. ஒண்ணும் காதுல ஏறல.

வந்து கேட்டேன். எங்க இருந்து எடுத்தீங்கன்னு. அவரு ஒளிக்கவே இல்ல. தேடறப்ப கிடைச்சுது, சின்ன ரூம்னு பேரு போட்டிருந்துச்சு, சும்மாதானே கிடந்துச்சு, அளவெல்லாம் கச்சிதமா இருந்துச்சு, கொஞ்சம் மாத்திக் குடுத்துட்டேன், அவங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சுன்னாரு. சந்தோஷமா சொன்னாரு மேடம். என்னைப் பாராட்டறாராம். டபுள் கிளிக் பண்ணி, சேவும் பண்ணியிருக்காரு. பழசுல போயி திறந்து பாத்தேன். திறக்கல.

இல்ல, எங்களுக்குக் குழந்தை இல்ல. பேப்பர்ல சரியாத்தான் போட்டிருக்கு.

ஒரு பொண்ணு பொறந்தா. ஆனா வீட்டுக்கு வரல. ஆஸ்பத்திரியோட சரி. அவ வயித்துல இருந்தப்ப வரைஞ்ச ரூம் அது. பக்கத்துல உக்காந்து அவருதான் சொன்னாரு, முனையை உருட்டு, குழந்தை தலையில இடிச்சுக்கும்னு. அவரே சொன்னதுதான். அப்புறம் அந்த ரூம்ல பலகைத் துண்டும் பெயிண்ட் டப்பாவும் அடுக்கிட்டோம். அதைப் பத்தி அவரு பேசல, நானும் பேசல.

ஆனா ஃபைல் இருந்துச்சுல்ல. ஒவ்வொரு வருஷமும் அவ பொறந்த நாளன்னிக்கு, அவரு வெளியில போனப்புறம், அதைத் திறப்பேன். தொட்டிலை எடுத்துட்டுக் கட்டில் போட்டேன். மேசை வெச்சேன். அவ வயசுதான் அக்கா பொண்ணுக்கும், அந்த உயரத்தைப் பாத்துப் பாத்து, அந்தக் கொக்கியைக் கொஞ்சம் கொஞ்சமா மேல ஏத்திக்கிட்டு வந்தேன். அதான் மேடம் பழைய வெர்ஷன். வேற ஒண்ணும் இல்ல. முதல் நாள் அதுல வரைஞ்சேன், அதுலயே இருக்கட்டும்னு ஒரு பைத்தியக்காரத்தனம்.

அன்னிக்குப் பக்கத்துல உக்காந்து பாத்த ட்ராயிங்கை இப்ப திறந்தவரு, தொட்டில் போட்ட இடத்துல மேசை எப்படி வந்துச்சுன்னு யோசிச்சிருக்க வேணாமா? கச்சிதமா இருந்துச்சாம்.

புதுசுல திறக்கும் மேடம், நல்லாவே திறக்கும். திறந்து பாத்தேன். கதவுல பேர் எழுதறதுக்குன்னு ஒரு பலகை வெச்சிருந்தேன், அந்த வீட்டுல அதை இன்னும் மாட்டல. நாங்க பேர் வைக்கறதுக்குள்ள அவ போயிட்டா, அதனால அதை மட்டும் நான் தொடவே இல்ல, காலியா விட்டிருந்தேன். அதுல அந்த வீட்டுப் பொண்ணு பேரைப் போட்டிருக்காரு.