கிளட்சை மிதித்தவன்

இரவு ஒன்றரை மணி. சார்மாடி மலைப்பாதை. தை மாதப் பனி.

கீழிருந்து மேலே ஒரே ஒரு வண்டி ஏறிக்கொண்டிருந்தது. மல்பெ துறைமுகத்தில் மீனும் ஐஸும் ஏற்றிய பிக்கப். வண்டியில் ஒரே ஒரு ஆள். அப்படித்தான் அவன் நினைத்துக்கொண்டிருந்தான்...

இந்த இடத்தில் நான் நிறுத்தி, டீ கேட்டேன். சொல்கிறவனுக்கு டீ வராவிட்டால் பேயும் வராது. நான் இந்தக் கதையைச் சொன்னது, மலையில் மரம் விழுந்து பாதை அடைபட்ட ஓர் இரவில். அடிவாரத்தில் சுகந்தியக்காவின் கடையில், கடைசி பஸ்ஸில் வந்தவர்கள் எல்லோரும் அடுப்பைச் சுற்றி ஒடுங்கியிருந்தோம். இருந்தது பத்துப் பேர். பல் தந்தியடிக்கிற சத்தத்தை வைத்துக் கணக்கிட்டால் நாற்பது.

“இந்தாளு வாயில விழுந்தா எலிகூட தும்பிக்கையோடதான் வெளிய வரும்,” என்றாள் சுகந்தியக்கா, டம்ளரை வைத்தபடி.

“வரட்டுமே அக்கா, விடியற வரைக்கும் பொழுது போகணும்ல,” என்றான் கண்டக்டர் ஜெயானந்த. “யாருக்கு நடந்தது மாராயரே?”

என்னோடு பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற சேசப்பனின் மச்சானுக்கு. பேர் வாமன். நான் சொல்கிற பஸ் கதைகளில் உப்பு கொஞ்சம் தூக்கலாக இருக்கும், மறுக்கவில்லை. இது மீன் வண்டிக் கதை. இதற்கு நான் வேறு உப்புப் போட வேண்டியதில்லை.

வாமனின் பிக்கப் அடிவாரத்து உஜிரேயில் திரும்பினால் மலைக்கு மேலே முடிகெரேயில் பூனைகள் எழுந்து முகம் கழுவும். அப்படி ஒரு நாற்றம். அந்த நாற்றத்தில் அவனோடு உட்கார்ந்து வர உலகத்தில் ஒருவனால்தான் முடிந்தது. லோகய்யா. பதினோரு வருஷம் இடதுபக்கச் சீட்டு அவனுடையது. இருவருக்கும் கல்யாணம் இல்லை. இருவரும் பேசிக்கொள்வதும் இல்லை. மலை ஏறி இறங்க நான்கு வார்த்தை செலவழித்தால் அதிகம். அதில் இரண்டு வெற்றிலை கேட்பதற்கு.

ஐப்பசியில் லோகய்யாவுக்கு எலிக்காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் ஐந்தாம் நாள் முடிந்துபோயிற்று. அவனுக்கு உறவென்று யாரும் இல்லாததால் வாமன்தான் கொள்ளி வைத்தான். அதோடு முடியுமா? எங்கள் பக்கத்தில் செத்தவரை ஆடி மாதம் இலை போட்டுக் கூப்பிட்டு, வயிறாரச் சாப்பிட வைத்து, முன்னோர்களின் கூட்டமான ‘பதினாறில்’ சேர்த்துவிட வேண்டும். அதுவரை போனவர் அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை. ஆடி வர இன்னும் எத்தனையோ நாள் கிடந்தது. வாமன் தனியாகவே மலை ஏறிக்கொண்டிருந்தான். வேறு ஆள் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். கேட்கவில்லை. வெற்றிலை மடித்து இடதுபக்கம் நீட்டிவிட்டு, பிறகு தானே போட்டுக்கொள்வானாம்.

சரி... பனிக்கு வருகிறேன். கையை நீட்டினால் விரல் ஐந்தும் வேறு யாருடையதோ போலத் தெரிகிற பனி. ஏழாவது வளைவில் கியரைக் குறைக்கக் கிளட்சை மிதித்தான். மிதி சேற்றில் கால் வைத்ததுபோல் இறங்கியது. இறங்கியது... திரும்பி மேலே வரவில்லை. கியர் ‘கர்ர்ர்’ என்று பல்லைக் கடித்தது. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது.

அமைதி. ஐஸ் உருகிச் சொட்டும் சத்தம் மட்டும். சொட்... சொட்...

கால்விரலை மிதிக்கு அடியில் கொடுத்துத் தூக்கினான். மறுபடி அமுக்கினான். உள்ளே ஒன்றுமே இல்லாததுபோல் போய்த் தரையைத் தொட்டது. ஹேண்ட் பிரேக் செத்துப் பல மாதம் ஆன வண்டி என்பதால், இறங்கிப் போய்ப் பின் சக்கரத்துக்குக் கல் வைத்தான். பானெட்டைத் திறந்து டார்ச் அடித்தால் கிளட்ச் ஆயில் டப்பா காலி. குனிந்து பார்த்தான். கியர் பெட்டிக்குப் பக்கத்தில், கிளட்சைத் தள்ளுகிற சிறிய சிலிண்டரிலிருந்து ஆயில் கசிந்து, தார் ரோட்டில் ஓடியிருந்தது.

“ஸ்டார்ட்டர்லயே முதல் கியர்ல இழுத்துக் கிளம்பலாமே?” என்றான் ஜெயானந்த.

சமதளம் என்றால் கிளம்பலாம். முதுகில் ஒரு டன் மீன், எதிரே செங்குத்து ஏற்றம். முயன்று பார்த்தான். வண்டி ஓர் அங்குலம் நகர்ந்தது, பாட்டரி சாகக் கிடக்கிற கிழவன் மாதிரி முனகியது. இன்னொரு தடவை முனகினால் விளக்கும் போய்விடும்.

வண்டியில் பாதி பாட்டில் பிரேக் ஆயில் இருந்தது. ஊற்றினான். ஆனால் குழாய்க்குள் காற்றுப் புகுந்துவிட்டதே! அதை எடுக்காமல் மிதி நிற்காது. எடுக்க இரண்டு பேர் வேண்டும். மேலே ஒருவன் மிதியை நாலைந்து தரம் அமுக்கி, அமுக்கியபடியே பிடிக்க வேண்டும். கீழே படுத்திருப்பவன் சிலிண்டரின் நிப்பிளை ஸ்பேனரால் தளர்த்தி, காற்று வெளியேறியதும் இறுக்கி, பிறகு ‘விடு’ என்று சொல்ல வேண்டும். மேலே இருப்பவன் காலால் தரையை இரண்டு தட்டுத் தட்டினால் பிடித்திருக்கிறேன் என்று பொருள். கீழே இருப்பவன் சொல்லும் வரை அவன் மிதியை விடக்கூடாது. விட்டால் காற்று மறுபடி உள்ளே. இந்த மலையில் வண்டி ஓட்டுகிற அத்தனை பேருக்கும் இது பாலபாடம். வாமன் கீழே, லோகய்யா மேலே. பதினோரு வருஷம் அப்படித்தான்.

வாமன் மிதிக்கும் சீட்டுக்கும் நடுவே கட்டை கொடுத்துப் பார்த்தான். அவன் இறங்கி அடியில் போவதற்குள் கட்டை நழுவியது. மறுபடி. மறுபடியும். கை விறைத்தது. வழியில் ஒரு வண்டி கிடையாது, ஒரு நாய் குரைக்கவில்லை. பனிக்கு அப்பால் உலகம் இருக்கிறதா என்பதே சந்தேகம். கடைசியில் ஸ்பேனரோடு வண்டிக்கு அடியிலேயே மல்லாந்து கிடந்தான். மீன் தண்ணீர் நெற்றியில் சொட்டியது. அவன் அழுதான் என்று சேசப்பன் சொன்னான். அழுதவன், பழக்க தோஷத்தில், வாய் தவறி...

“அமுக்கு, லோகய்யா,” என்றான்.

தலைக்கு மேலே மிதி இறங்கியது.

கீச்... டப். கீச்... டப். கீச்... டப். அப்புறம் நின்றது.

தரையில் இரண்டு தட்டு. டொக், டொக்.

சுகந்தியக்கா கரண்டியைக் கீழே வைத்தாள்.

அவனுடைய கை தானாகவே நிப்பிளைத் திருப்பியது. ‘புஸ்ஸ்’ என்று காற்று, நுரை, ஆயில். இறுக்கினான். “விடு.” மிதி ஏறியது. “அமுக்கு.” இறங்கியது. டொக், டொக். மூன்றாவது தடவை நுரை இல்லாமல் சுத்தமான ஆயில் வந்தது. அதே நேரம் வண்டி ஓர் அங்குலம் பின்னால் சரிந்து கல்லில் உட்கார்ந்தது. ‘கறக்’. கியரின் பிடியில் நின்ற வண்டி அது. கிளட்ச் நிஜமாகவே வேலை செய்து, கியரை விடுவித்திருக்கிறது. வாமன் நிப்பிளை இறுக்கிவிட்டு, பதறி, உருண்டு வெளியே வந்தான். கதவைத் திறந்து டார்ச் அடித்தான்.

சீட்டில் யாரும் இல்லை. மிதி தரையோடு தரையாக அமுங்கியிருந்தது.

கையால் பிடித்து இழுத்தான். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தான். மலையைத் தூக்குவதுபோல் இருந்தது. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. கடைசித் தடவை ‘விடு’ என்று சொல்லவே இல்லை. இப்போது சொன்னான். கதவருகே நின்று சொன்னான், கத்திச் சொன்னான். மிதி அசையவில்லை. மேலே இருப்பவன், கீழே கிடந்து சொன்னால்தானே கேட்பான்?

கியர் பிடிக்காத வண்டி. ஒரே ஒரு கல். அதுவும் நகரத் தொடங்கியிருந்தது. அந்த வண்டிக்கு அடியில் மறுபடி போய்ப் படுத்தான் வாமன்.

“விடு, லோகய்யா.”

டொக், டொக். பிடித்திருக்கிறேன்.

“விட்டுடுடா... நசுங்கிடுவேன்டா.”

டொக், டொக்.

“தனியா இருக்கியா? எனக்கும் அப்படித்தான் இருக்கு. ஆடியில உனக்கு இலை போட்டுக் கூப்பிடறேன். கோழி அடிச்சு, கள்ளு வெச்சு, பதினாறுல சேத்து விடறேன். சத்தியம்டா. இப்ப விடு.”

கல் ‘கிரிச்’ என்று ஒருக்களித்தது... மிதி மெல்ல மேலே ஏறிற்று.

விடியும் முன் மீன் முடிகெரே போய்ச் சேர்ந்தது. அங்கே மெக்கானிக் சிலிண்டரைக் கழற்றி, உள்ளே இருந்த ரப்பரைக் கையில் எடுத்தான். அது இரண்டு துண்டாக வந்தது. “இதை வெச்சுக்கிட்டு எப்படிய்யா மலை ஏறின? மிதி நிக்கவே நிக்காதே!” வாமன் பக்கத்துக் கடையில் இரண்டு டீ சொன்னான்.

அதற்குப் பிறகு ஆறேழு மாதம் அவன் முகத்தில் ஒரு களை இருந்தது என்பார்கள். வண்டியில் பேசிக்கொண்டே போவான். பதினோரு வருஷம் பேசாததையெல்லாம் பேசினான். அடிக்கடி வண்டிக்கு அடியில் போய்ப் படுப்பான், கிளட்சில் ஒரு கோளாறும் இல்லாவிட்டாலும்.

ஆடி வந்தது. சத்தியம் செய்தாயிற்று. சேர்த்துவிட்டால் லோகய்யா போய்விடுவான். வாமன் ஒரு வாரம் சாப்பிடவில்லை. ஆனாலும் சேசப்பன் வீட்டில் இலை போட்டான். கோழிக் குழம்பு, ரொட்டி, அயிலை மீன், கள், வெற்றிலை. வழக்கப்படி எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்தினார்கள். மழை கொட்டிற்று. வாமன் கதவருகே நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டான்.

தன் உடம்பில் செத்தவர்கள் இறங்கிப் பேசுகிற தனியப்பன் என்பவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அவன் உடம்பு உதறியது. வாயில் வெற்றிலை அடக்கியதுபோல் கன்னம் புடைத்தது. லோகய்யாவின் குரலேதான்.

“எதுக்குடா வாமா இவ்வளவு பெரிய கோழி? நான் ஆஸ்பத்திரிலேர்ந்தே நேரா போயிட்டேனே. அம்மாவெல்லாம் இங்கதான் இருக்காங்க. நல்லா இருக்கேன்.”

வாமன் அவன் முன்னால் போய் உட்கார்ந்தான். “அப்ப... மலையில? அத்தனை நாளும் என்கூட வண்டியில?”

“எந்த மலை? எந்த வண்டி?” தனியப்பன் கொஞ்சநேரம் எதையோ கேட்பதுபோல் தலையைச் சாய்த்தான். பிறகு அந்தக் குரல் தாழ்ந்தது. “என் பேரைச் சொல்லி நீ யாரைடா கூப்பிட்ட?”

வாமன் எழுந்தான். மழையில் இறங்கி நடந்தான். முற்றத்தில் நின்ற பிக்கப்பில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டான். சேசப்பன் குடையோடு பின்னாலேயே ஓடினான். கண்ணாடி இறங்கியிருந்தது, வாமன் பேசுவது கேட்டது.

“யாரா இருந்தா என்ன... கூப்பிட்டப்ப வந்தியே. அது போதும்.”

இடது சீட் காலி. டொக், டொக் இல்லை. மழை மட்டும்.

அப்புறம் வண்டிக்கு அடியிலிருந்து, மண்ணோடு மண்ணாக, ஒரு குரல் கேட்டது. வாமனின் குரல். அச்சு அசல் அவன் குரல். ஆனால் வாமனின் வாய் மூடியிருந்தது.

“அமுக்கு.”

வாமன் கிளட்சை அமுக்கினான்.

“பிடி.”

பிடித்தான். குதிகாலால் தரையை இரண்டு தரம் தட்டினான்.

சேசப்பன் உள்ளே ஓடிப்போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டான். விடிந்ததும் மழை விட்டது. எட்டிப் பார்த்தான். வாமன் அப்படியே உட்கார்ந்திருந்தான். தொடை வெடவெடவென்று நடுங்கியது. உதடு நீலம். கால் மட்டும் மிதியில்.

“எறங்கு வாமா, விடிஞ்சிருச்சு. வா வீட்டுக்கு.”

வாமன் திரும்பாமல் சொன்னான்:

“இன்னும் விடச் சொல்லல, அத்தான்.”