பச்சைக் கேட்டுக்கு முன்னால்

ஒரே ஒரு வீட்டு வாசலில் மட்டும் எஞ்சின் நின்றுபோகும் லொறியை நீங்கள் பார்த்ததுண்டா? நான் கேள்விப்பட்டதே இப்போதுதான், கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் போகும் பஸ்ஸில். என் முன் சீட்டில் இரண்டு பேர். ஒருவர், ‘நானா’ என்று அழைக்கும் மூத்த சாரதி ஒருவரிடம் பிளாட்பெட் லொறி ஓட்டப் பழகுகிறவர். மற்றவர் அவருடைய கூட்டாளி, செம வாய்.

“பழக்கிற நானா கேக்காரு, பாலத்துல நிக்கல்ல, சந்தியில நிக்கல்ல, சாய்ந்தமருதுல அந்தப் பச்சக் கேட்டடிக்கு வந்தா மட்டும் என்னத்துக்கு நிக்கிதெண்டு.”

“நீ என்ன சொன்ன?”

“கிளச்சுல கால் வழுக்குதெண்டன்.”

“கிளச்சா? பொஞ்சாதிட ஊடெண்டு சொல்லன்டா!”

“சண்ட புடிச்சிட்டு வெளிக்கிட்டவன் நான். எந்த மூஞ்சோட சொல்ற? ஊடும் அவக்குச் சீதனமாக் குடுத்த ஊடுதானே. நான் இப்ப நிந்தவூருல உம்மாட ஊட்டதான் கிடக்கன்.”

“அவ வெளிய வாறயா?”

“மகள்தான் ஓடி வாற. வாப்பாட லொறி, வாப்பாட லொறி எண்டு கத்துற. நேத்து அவவும் கதவடியில நிண்ட மச்சான். சிரிச்ச மாதிரி இரிந்திச்சி.”

“சிரிச்சாவா? அப்ப இறங்கிப் போய்க் கதைச்சிருக்கலாமேடா!”

“அவ்வளவு பெரிய லொறிய நடு ரோட்டுல விட்டுட்டா?”

“இப்ப பஸ்ஸுலதானே இரிக்காய். அடுத்த ஹோல்ட் சாய்ந்தமருது. இறங்கு.”

லொறி பழகுகிறவர் பையை மடியில் எடுத்து வைத்து, சட்டைக் கொலரைச் சரிசெய்தார்.

பஸ் சாய்ந்தமருதில் நின்று புறப்பட்டு, இப்போது அடுத்த ஊரான காரைதீவைத் தாண்டுகிறது. அவர் இன்னும் என் முன் சீட்டில்தான் இருக்கிறார்.