சம்பளச் சிட்டையோடு மாடியேறிய மஹ்ரூப் நானா

இந்த நிகழ்வுக்குத் தலைமையேற்றிருக்கும் எங்கள் ஊழியர் நலன்புரிச் சங்கத் தலைவர் இராமையா அவர்களே, மேடையை அலங்கரிக்கும் மௌலவி அவர்களே, எங்கள் ஹோட்டலின் கணக்காளர் ரிஸ்மி அவர்களே, வேலை முடிந்து உடுப்புக்கூட மாற்றாமல் பஸ் பிடித்துத் திகனவுக்கு வந்து சேர்ந்திருக்கும் தோழர்களே, தோழிகளே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மஹ்ரூப் நானாவின் மகள் ஜஹானாவே, அவள் கையிலிருக்கும் தொலைபேசி வழியாக, கணவரை இழந்து வெளியே வராமல் இத்தா இருக்கும் வீட்டிலிருந்தபடியே நம்மைக் கேட்டுக்கொண்டிருக்கும் கைரியா மதினி அவர்களே, உங்கள் எல்லோருக்கும் பாலம்மாவின் வணக்கமும் ஸலாமும் உரித்தாகட்டும்.

எங்கள் ஹோட்டலின் சலவைப் பகுதிக்கு நான் பொறுப்பாளர். எங்கள் சலவை அறைக்கும் சமையலறைக்கும் நடுவில் ஒரேயொரு சுவர். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவர்தான் தலைமைச் சமையல்காரர், சமையற்கலைச் செம்மல், எங்கள் அன்புக்குரிய மஹ்ரூப் நானா. அவர் வபாத்தான செய்தி கிடைத்த அன்று அழுதோம். மையத்து வீட்டு வாசலில் நின்று அழுதோம். ஆனால் இன்றைக்கு, அவரை நினைத்தாலே எங்களுக்குச் சிரிப்பு வருவது ஏன் என்று சொல்லத்தான் நான் இந்த ஒலிவாங்கியின் முன் நிற்கிறேன். கைரியா மதினி, நீங்களும் கொஞ்சம் சிரித்துக்கொண்டு கேளுங்கள்.

அன்பர்களே, சம்பள நாளில் நாம் என்ன செய்வோம்? சிட்டையை வாங்குவோம். கடைசி வரியைப் பார்ப்போம். மடித்துப் பைக்குள் வைப்போம். வீட்டு வாடகையும் பிள்ளையின் வகுப்புக் காசும் கண்முன் வந்து நிற்கும்போது மேலே உள்ள வரிகளை யார் வாசிக்கிறார்கள்? மஹ்ரூப் நானா வாசித்தார். அடுப்பை இறக்கி வைத்துவிட்டு, கைலேஞ்சியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, முதல் வரியிலிருந்து வாசித்தார். வாசித்துவிட்டு மாடியேறுவார், கணக்குப் பகுதிக்கு.

அவர் கணக்கில் புலி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். இல்லவே இல்லை. நானூறு பேர் சாப்பிடும் கல்யாணத்துக்கு அரிசி எவ்வளவு போட வேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். ஆனால் காகிதத்தில் இரண்டு எண்களைக் கூட்டச் சொன்னால் மூன்று விடை வரும். ரிஸ்மி அவர்கள் மேடையிலிருந்து தலையாட்டுகிறார், பாருங்கள். நானா மேலே போன தடவைகளில் பெரும்பாலும் பிழை நானாவிடம்தான் இருக்கும். விடுமுறை எடுத்த நாளை மறந்திருப்பார். வாங்கிய முற்பணத்தை மறந்திருப்பார். இறங்கி வரும்போதே சாப்பாட்டறை முழுக்கக் கேட்கும்படி சொல்லிக்கொண்டு வருவார்:

“நான்தான் பிழை. பேசாம சாப்பிடுங்க.”

அடுத்த நாள் கணக்குப் பகுதிக்கு ஒரு கிண்ணம் வட்டிலப்பம் போகும், வீண் சிரமம் கொடுத்ததற்காக. ரிஸ்மி தம்பியின் இடுப்பளவு கூடியதற்கு அந்த வட்டிலப்பங்களே சாட்சி.

ஒருமுறை கேட்டுத் தன்மேல் பிழை கண்டவன் மறுமுறை கேட்கக் கூசுவான். அதுதானே மனித சுபாவம்? நான் கூசியிருப்பேன். நானா கூசவில்லை. அடுத்த மாதமும் ஏறினார். அதற்கடுத்த மாதமும் ஏறினார். “ஏன் நானா சும்மா போய் அவமானப்படுறீங்க?” என்று நான் ஒருநாள் கேட்டேன்.

“எனக்கு விளங்கல்ல எண்டுதானே போறன் பாலம்மா,” என்றார். “விளங்கினா இறங்கி வாறன். இதில என்ன அவமானம் ஈக்கு?”

இப்படியிருக்கையில்தான் அந்த ஆண்டின் பெரஹெரா ஊர்வலத் திருவிழா வந்தது. கண்டியில் ஹோட்டல் வேலை செய்கிறவர்களுக்கு அந்தப் பத்து நாட்களைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அறையெல்லாம் ஆள். தாழ்வாரமெல்லாம் ஆள். என் பகுதியில் விரிப்புகள் மலைபோலக் குவிந்தன. நேரம் முடிந்தும் நின்றோம். பெரஹெராவின் கடைசி நாள், பௌர்ணமி விடுமுறையான போயா தினத்திலும் எல்லோரும் வேலைக்கு வந்தோம். சமையலறை வந்தது, வாகனச் சாரதிகள் வந்தார்கள், காவலர்கள் வந்தார்கள், கணக்குப் பகுதியும் வந்தது.

மாத முடிவில் சிட்டை வந்தது. நானா வாசித்தார். ஓ.டி. என்றால் என்ன என்பதை அவர் தன் பாஷையில்தான் வைத்திருந்தார்: “எட்டு மணித்தியாலத்துக்கு ஒவ்வொரு அகப்பை. அதுக்குப் பொறகு ஒண்டரை அகப்பை. போயாக்கும் ஒண்டரை.” அந்த மாதச் சிட்டையில் போயா நாளுக்கு ஒரு அகப்பைதான் இருந்தது. ஏறினார்.

ரிஸ்மி அவர்கள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “என்ன நானா, நாளைக்கும் வட்டிலப்பமா?” என்று கேட்டார்.

“அப்பிடியும் ஈக்கலாம்,” என்றார் நானா. “நீங்களும் போயாவுக்கு வேல செஞ்சீங்கதானே தம்பி? ஒங்கட சிட்டையில எப்பிடிப் போட்டிருக்கு எண்டு காட்டுங்களேன். அதைப் பாத்து நான் விளங்கிக்கொள்றன்.”

ரிஸ்மி தன் சிட்டையை எடுத்தார். பார்த்தார். மறுபடி பார்த்தார். பிறகு கதிரையை விட்டு எழுந்து நின்றார். கணினியில் அந்த மாதம் போயா நாள் சாதாரண நாளாகப் பதிவாகியிருந்தது. ஹோட்டல் முழுவதற்கும் பிழை. நானா சொன்னதே சரி. நான் நேரில் பார்க்கவில்லை, ஆனால் ரிஸ்மி தம்பி எத்தனையோ தடவை நடித்துக் காட்டியிருக்கிறார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்களாம்.

அந்தச் சிரிப்பு முகாமையாளரின் அறை வரைக்கும்தான் போனது. அவர் புதிதாக வந்தவர், கண்டிப்பானவர். “மாதக் கணக்கு மூடியாகிவிட்டது. இனித் திறக்க முடியாது. திருப்தியில்லாதவர்கள் யார் யார் என்று பெயரைக் கொடுங்கள்,” என்றார். அந்தச் சொல் படியிறங்கிச் சலவை அறைக்கு வந்தபோது எங்கள் பெண்கள் சிட்டைகளை அவசரமாக மடித்து ஒளித்துக்கொண்டார்கள். ஏன் தெரியுமா? என் பகுதியில் இருந்த பெண்கள் பாதிக்கு மேல் ஒப்பந்தத்தில் வேலை செய்தவர்கள். ஹேவாஹெட்டத் தோட்டங்களிலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறவர்கள். ஒப்பந்தம் அடுத்த மாதத்தோடு முடிகிறது. புதுப்பிப்பதும் விடுவதும் அதே முகாமையாளரின் கையில்.

நான் நேரே சமையலறைக்குப் போனேன். எனக்குக் கோபம். “நானா, இத்தோட விடுங்க,” என்றேன். “நீங்க நிரந்தரம். உங்க வேலை போகாது. எங்க புள்ளைங்க வேலைதான் போகும். ஒரு நாள் காசுக்காக ஒரு வருசத்த இழக்கச் சொல்றீங்களா?”

நானா வெங்காயம் அரிந்துகொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தார். நான் திரும்பி வந்துவிட்டேன். அன்று மத்தியானம் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அது எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் காலை அவரே வந்தார், துணி உலர்த்தும் இடத்துக்கு.

“பாலம்மா, நீங்க செல்றது சரி,” என்றார். “ஒங்கட புள்ளைகள் வாய் தொறக்க வேணாம். ஒரு பேரும் குடுக்க வேணாம். பிழை எல்லாருக்கும் ஒரே பிழைதானே? எங்கட கணக்கத் திருத்தினா ஒங்கட கணக்கும் தானாத் திருந்தும். நிரந்தரமா ஈக்கிற நாங்க மட்டும் போறம்.”

அவையோரே, ஊருக்காகப் பேசுகிறேன் என்று ஊரையே முன்னால் தள்ளிவிடுகிற தலைவர்களை நாம் பார்த்ததில்லையா? இவர் பின்னால் நிற்க வேண்டியவர்களைப் பின்னால் நிற்க வைத்தார். தான் முன்னால் நின்றார். சமையலறை ஆட்கள் வெள்ளைத் தொப்பியோடு ஏறினார்கள். சாரதிகள் ஏறினார்கள். தோட்டத்தைப் பார்க்கிறவர் மண் ஒட்டிய சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறினார். இதோ அமர்ந்திருக்கும் இராமையா அண்ணன், அப்போது வாசல் காவலர், கடமை மாறிய கையோடு ஏறினார். நான் நிரந்தரம், ஆகவே நானும் ஏறினேன். சத்தம் போடவில்லை. கோஷம் எழுப்பவில்லை. முகாமையாளரின் கதவு தொடங்கிப் படிக்கட்டின் அடிவரைக்கும் வரிசையாக நின்றோம்.

நானா பேசினார். “சேர், நான் கணக்கில மக்கு. ரிஸ்மி தம்பிக்கிட்டக் கேளுங்க, அவர் செல்வார். ஆனா சேர், இத்தனை பேரும் மக்கா?”

முகாமையாளர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். கடைசியாக ரிஸ்மியைப் பார்த்தார். ரிஸ்மி, “என்னோடதும் பிழைதான் சேர்,” என்றார். அந்த ஒரு சொல்லைச் சொல்ல அவருக்கு எவ்வளவு துணிவு வேண்டியிருந்தது என்பது எனக்குத் தெரியும். தம்பி, அதற்காக இந்த மேடையில் வைத்தே உங்களுக்கு நன்றி சொல்கிறேன்.

“தலைமை அலுவலகத்திடம் கேட்கிறேன்,” என்றார் முகாமையாளர். அவ்வளவுதான். இறங்கி வந்தோம்.

கொழும்பிலிருந்து பதில் வரச் சுணங்கியது. அந்த நாட்களில் நானா எப்படி இருந்தார் தெரியுமா? பயந்துபோய் இருந்தார். சூப்புக்கு இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டார், விருந்தாளி திருப்பி அனுப்பினார். அவருடைய வாழ்நாளில் நடக்காத சங்கதி. என் பெண்களில் யாராவது எதிரே வந்தால் “ஒப்பந்தக் கடிதம் வந்திச்சா புள்ள?” என்று கேட்பார். பயமில்லாதவன் ஒரு காரியத்தைச் செய்வதில் என்ன பெருமை இருக்கிறது? பயந்தும் பின்வாங்காத மனிதருக்குத்தான் நாம் இன்று மாலை போட்டிருக்கிறோம்.

கடிதங்கள் வந்தன. ஒருவர் விடாமல் அத்தனை பேருக்கும் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. அடுத்த சம்பளத்தில் போயா நாளின் மீதிக் காசு தனி வரியாக வந்தது. அன்று எங்கள் சலவை அறையில் எழுந்த ஆரவாரத்தைக் கேட்டு, மேல்மாடத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரர் ஒருவர், “இன்றைக்கு என்ன பண்டிகை?” என்று பரிசாரகரிடம் விசாரித்தாராம். “சம்பளம்,” என்றாராம் பரிசாரகர். ஒரு பெண் சிட்டையை விரித்துத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு ஆடினாள். பெயர் சொல்ல மாட்டேன், மூன்றாம் வரிசையில் முகத்தை மூடிக்கொண்டிருக்கிறாள். நானா கதவடியில் நின்று கைதட்டினார். பிறகு கண்ணாடியைத் துடைத்தார். கண்ணாடியை மட்டுமல்ல.

அந்தக் கண்டிப்பான முகாமையாளர் அதன் பிறகு என்ன செய்தார்? சம்பள நாளில் தானே சமையலறைக்கு இறங்கி வருவார். “மஹ்ரூப், இந்த மாதம் சரியா?” என்று கேட்பார். மாற்றலாகிப் போகும் வரை கேட்டார். ஒரு மாதம் நானா, “சரியில்ல சேர், எனக்குக் கூடுதலாப் போட்டிருக்கு,” என்றார். உண்மையாகவே கூடுதலாகத்தான் இருந்தது. அவர் கூட்டிய கணக்கு சரியாக வந்த அபூர்வமான நாட்களில் அதுவும் ஒன்று.

அன்புத் தோழர்களே, நாம் இனி என்ன செய்யப்போகிறோம்? படத்துக்கு மாலை போட்டுவிட்டு, பிளேன்டீ குடித்துவிட்டுக் கலையப்போகிறோமா? சங்கம் நேற்றுக் கூடி ஒரு முடிவு எடுத்திருக்கிறது. இனிச் சம்பள நாளில் சாப்பாட்டறையில் ஒரு மேசை இருக்கும். நான் இருப்பேன், இராமையா அண்ணன் இருப்பார், ரிஸ்மி தம்பியும் வந்து உட்கார ஒப்புக்கொண்டிருக்கிறார். விளங்காதவர்கள் வாருங்கள். விளங்கியவர்களும் வாருங்கள். ஒப்பந்தத்தில் இருப்பவர்கள் எங்களிடம் மெல்லச் சொன்னால் போதும், உரத்துப் பேசும் வேலை எங்களுடையது. இது மஹ்ரூப் நானாவின் பெயரால் நாங்கள் கொடுக்கும் வாக்கு.

நாளை மறுநாள் சம்பள நாள். நானாவின் கடைசிச் சிட்டையும் அன்றுதான் வருகிறது. கண் மூடுவதற்கு முந்திய வாரம் அவர் ஓ.டி. செய்தார், அந்த வாரத்துப் போயா நாளிலும் அடுப்படியில் நின்றார், நாங்கள் பார்த்தோம். கைரியா மதினி, அந்தச் சிட்டையைத்தான் அந்த மேசையில் முதலில் விரிப்போம். முதல் வரியிலிருந்து வாசிப்போம். சரியாக இருந்தால் அன்று பின்னேரமே நாங்கள் எல்லோரும் சேர்ந்து கொண்டுவந்து உங்கள் வீட்டு வாசலில் ஜஹானாவின் கையில் தருவோம். சரியில்லை என்றால் கொஞ்சம் பிந்தி வருவோம், மதினி. மாடிக்குப் போய்விட்டு வருவோம்.