நீண்ட சங்கு

உங்கள் தலைக்கு மேல் ஓடும் ஃபேன் கிறீச்சிடுகிறது, இன்ஸ்பெக்டர் சார். ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் போதும். நான் சொல்வது எழுதுகிறவர் காதில் சரியாக விழ வேண்டுமே என்றுதான் சொன்னேன்.

பெரம்பலூரில் நாடகத்துக்கு ஒலி அமைக்கக் கற்றுத்தருகிறேன். எங்கள் ஊருக்கு ரயில் கிடையாது. ஆனாலும் என் மாணவர்கள் மேடையில் ரயிலைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவேன்: ஒலியைக் கேட்டு ஜனங்கள் கைதட்டினால் அது தோற்றுப்போன ஒலி. கேட்டவர் யோசிக்காமல் எழுந்து நடந்தால் அதுதான் ஜெயித்த ஒலி.

இந்த வருடம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தைப் பற்றிய நாடகம். கீழப்பழுவூர்ப் பக்கம் வெடி வைப்பதற்கு முன் சுரங்கத்துச் சங்கு, அதாவது சைரன், விட்டுவிட்டு ஊதும். எல்லா வெடியும் முடிந்த பிறகு நீளமாக ஒரு முறை ஊதும். அந்த நீண்ட சங்கைக் கேட்காமல் ஆடு மேய்க்கிறவர்கள் யாரும் பள்ளத்துப் பாதையில் இறங்க மாட்டார்கள்.

ஒத்திகையில் நான் பதிவு செய்த சங்கைப் போட்டேன். என் மாணவி மணிமொழி சிரித்துவிட்டாள். அவள் அந்த ஊர்ப் பெண். அவள் அப்பா வீரமுத்து அங்கேதான் ஆடு மேய்த்தார்.

"பக்கத்துல நின்னு எடுத்திருக்கீங்க சார். எங்களுக்கு அது மண்மேட்டுல மோதித்தான் வரும். இத கேட்டா எங்கப்பா ஒரு ஆட்டக்கூட ஓட்டிக்கிட்டு எறங்க மாட்டாரு."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போன பிறகு அந்தப் பதிவைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். இத்தனை வருடம் கற்றுத்தந்தவனைப் பார்த்து நேற்று வந்த பெண் சிரித்துவிட்டாளே என்று பொறுக்க முடியவில்லை. ஆனால் அவள் சொன்னது நியாயம். மறுபடியும் போய், மண்மேட்டுக்கு இந்தப் பக்கம் நின்று, காற்றோடு சேர்த்துப் பதிவு செய்தேன். நன்றாக வந்தது. பரீட்சைதான் பாக்கி.

அன்றைக்கு மத்தியானம் வேனில் குழாய் ஸ்பீக்கரை வைத்து எடுத்துப் போனேன். வீரமுத்து கருவேல மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். விட்டுவிட்டு ஊதும் சங்கு முடிந்தது, முதல் வெடியும் முடிந்தது. இன்னொரு வெடி இருப்பது எனக்குத் தெரியும். தெரியாது என்று சொல்லியிருக்கலாம், நீங்களும் நம்பியிருப்பீர்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள். எல்லா வெடியும் முடிந்த பிறகு நான் ஊதினால், அவர் எழுந்து நடந்தது என் சங்குக்கா, அவர்கள் சங்குக்கா என்று எப்படிப் பிரித்துச் சொல்வது?

என் சங்கை ஊதவிட்டேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டார், ஆடுகளை அதட்டினார், பாதையில் இறங்கினார். மைக் என் கையில்தான் இருந்தது. கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டிருந்தால் பரீட்சை கெட்டுப்போயிருக்கும்.

பிறகு இரண்டாவது வெடி வெடித்தது. அதையும் பதிவு செய்துகொண்டேன்.

மறுநாள் சாவு வீட்டுக்கு மாலையோடு போனேன். மணிமொழி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "சங்கு ஊதாம எறங்கவே மாட்டாரு சார். ஊருல எல்லாரும் அவரு குடிச்சிருந்தாருன்னு பேசுறாங்க. எங்கப்பா குடிக்கவே மாட்டாரு சார்."

எனக்கு மனசு கேட்கவில்லை. அவ்வளவு பேர் மத்தியில் சொல்லவும் முடியவில்லை. அதனால்தான் யாரும் கூப்பிடாமல் நானே இங்கே வந்தேன்.

அவள் அப்பா குடித்திருக்கவில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள். சங்கு கேட்டுத்தான் இறங்கினார். அதை நீங்களே அவளிடம் சொல்லிவிடுங்கள் சார். சொல்லும்போது, இந்த முறை சங்கு சரியாக இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். குறை சொன்னவள் அவள்தான், அவளுக்குத் தெரிய வேண்டாமா?